தீராத தாடை வலி: வைத்தியமும் காப்பீட்டுப் பணமும் (முழுமையான வழிகாட்டி)

காதுக்குச் சற்று முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடிப் பாருங்கள். ஓர் எலும்பு உருண்டு நகர்வது தெரியும். அதுதான் தாடை மூட்டு. பேச, மெல்ல, விழுங்க, கொட்டாவி விட என்று நாள் முழுக்க உழைக்கிற மூட்டு இது. இங்கே வலி வந்து மூன்று மாதம் தாண்டியும் போகவில்லை என்றால் அது நாள்பட்ட வலி. பல் டாக்டர் "பல்லில் ஒன்றும் இல்லையே" என்பார். காது டாக்டர் "காது நன்றாகத்தான் இருக்கிறது" என்பார். செலவுக் கணக்கை அனுப்பினால் காப்பீட்டு நிறுவனம் "இது பல் சிகிச்சை, பாலிசியில் வராது" என்று எழுதும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாடை வலிக்கு நிஜமாகவே பலன் தரும் வைத்தியத்தில் பெரும்பகுதி வெளிநோயாளியாகப் பார்ப்பதுதான். வழக்கமான மெடிக்ளெய்ம் பாலிசி அதற்குப் பணம் தராது. அட்மிட் ஆகிச் செய்யும் சிகிச்சைக்குத் தரும், அதுவும் காகிதங்கள் ஒழுங்காக இருந்தால். ஆகவே மாதாமாதம் கையிலிருந்து செய்யும் சின்னச் செலவு ஒரு கணக்கு, என்றாவது வரக்கூடிய பெரிய செலவு இன்னொரு கணக்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள். காப்பீட்டுடன் மல்லுக்கட்டுவதை இரண்டாவதற்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

படி 1: வலி எங்கிருந்து வருகிறது?

தாடை மூட்டு வலி மெல்லும்போது, கொட்டாவி விடும்போது, பல்லைக் கடிக்கும்போது கூடும். காதோரம், கன்னம், நெற்றிப்பொட்டு எல்லாம் சேர்ந்து வலிக்கும். காலையில் எழும்போது தாடை இறுகிக் கிடக்கும். சிலருக்கு வாய் திறக்கையில் "கடக்" என்று சத்தம் வரும். வலி இல்லாமல் சத்தம் மட்டும் வந்தால் வைத்தியமே தேவையில்லை. சத்தத்துக்குப் பயந்து பணம் கட்டியவர்கள் நிறையப் பேர்.

உங்கள் நடு மூன்று விரல்களை நெட்டாக அடுக்கி முன்பற்களுக்கு நடுவே வைத்துப் பாருங்கள். மூன்றும் நுழைந்தால் வாய் ஓரளவு சரியாகத் திறக்கிறது. பெரியவர்களுக்குச் சாதாரணமாக 40 மில்லிமீட்டர் அளவுக்குத் திறக்கும். இரண்டு விரல்தான் நுழைகிறது, அதோடு பாக்கு, குட்கா, பான் மசாலா பழக்கமும் உண்டு, காரம் பட்டால் வாய் எரிகிறது என்றால் பிரச்சினை மூட்டில் இல்லாமல் இருக்கலாம். பாக்கினால் கன்னத்தின் உட்தோல் இறுகிப்போகும் நோய் நம் நாட்டில் சகஜம். அது புற்றுநோயாக மாறும் வாய்ப்பும் உண்டு. தள்ளிப்போடாமல் காட்டிவிடுங்கள்.

வேறு சில அறிகுறிகளுக்கு இந்த வழிகாட்டி பொருந்தாது. மாடி ஏறும்போது தாடை வலித்து, கூடவே நெஞ்சு அழுத்தமும் வியர்வையும் வந்தால் அது இதயமாக இருக்கலாம், 108-ஐ அழையுங்கள். முகம் கழுவினாலோ காற்றுப் பட்டாலோ ஷாக் அடித்ததுபோல் சில நொடி வெட்டி இழுத்தால் நரம்பியல் டாக்டர். 50 வயது கடந்தவருக்குப் புதிதாக நெற்றிப்பொட்டில் வலி, மெல்ல மெல்லத் தாடை சோர்ந்துபோவது, பார்வை மங்குவது என்று சேர்ந்து வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தாமதித்தால் கண் போகலாம்.

படி 2: யாரிடம் போவது

தெருமுனை பல் கிளினிக்கில் ஆரம்பிப்பதில் தப்பில்லை. சொத்தை, ஞானப்பல், சீழ் எதுவும் இல்லை என்று முதலில் உறுதியாக வேண்டுமே. அதற்கப்புறம் போக வேண்டியது பல் மருத்துவக் கல்லூரிகளில் இருக்கும் ஓரல் மெடிசின் பிரிவு. தாடை மூட்டையும் முக வலியையும் நோயறிந்து சொல்வது இவர்கள் வேலை. சென்னையில் 1953 முதல் இயங்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரி, சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைக்கு அருகில் இருக்கிறது. சிதம்பரத்திலும் புதுக்கோட்டையிலும் அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் உண்டு. வரிசையில் நிற்கப் பொறுமை இருந்தால் செலவு மிகவும் குறைவு.

அறுவை தேவைப்படும் என்று தோன்றினால் முக-தாடை அறுவை நிபுணரைப் பாருங்கள். வலி முக்கியமாகத் தசையில் இருந்தால் ஃபிசியோதெரபிஸ்ட் போதும். தாடைக்குச் சிகிச்சை செய்த அனுபவம் உண்டா என்று கேட்டுவிட்டுப் போங்கள். கழுத்துக்கும் முதுகுக்கும் மட்டும் செய்பவர்கள்தான் அதிகம்.

முதல் நாளே ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். தேதி, வலி பத்துக்கு எவ்வளவு, எத்தனை விரல் நுழைகிறது, என்ன சாப்பிட முடியவில்லை, எந்த மருந்து, எந்த டாக்டர். டாக்டரிடம் பேச உதவும் இதே நோட்டுதான் பின்னால் காப்பீட்டுக்காரர் "முதலில் சாதாரண வைத்தியம் பார்த்தீர்களா?" என்று கேட்கும்போதும் கைகொடுக்கும்.

படி 3: வீட்டில் செய்ய வேண்டியவை

இதைப் பலர் அலட்சியமாகக் கடந்துபோகிறார்கள். ஆனால் பெரும்பாலோருக்கு வலி குறைவது இந்த இடத்தில்தான்.

உதடு மூடியிருக்கட்டும், பற்கள் ஒன்றையொன்று தொடாமல் இருக்கட்டும், நாக்கு நுனி மேலண்ணத்தில், "ன்" என்று சொல்லும்போது நிற்கும் இடத்தில் ஓய்வெடுக்கட்டும். தாடை இயல்பாக இருக்க வேண்டிய நிலை இது. சாப்பிடும்போதும் விழுங்கும்போதும் தவிர மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சந்திக்க வேண்டிய அவசியமே இல்லை. நம்மில் பலர் கம்ப்யூட்டர் முன்னாலும் வண்டி ஓட்டும்போதும் கோபத்தை அடக்கும்போதும் பல்லைக் கடித்துக்கொண்டே இருக்கிறோம். கண்ணில் படும் இடங்களில் ஒரு வண்ணப் பொட்டு ஒட்டிவையுங்கள். மானிட்டர் ஓரம், வண்டிக் கண்ணாடி, ஃப்ரிட்ஜ் கதவு. பொட்டைப் பார்க்கும்போதெல்லாம் பல்லை விலக்குங்கள். சின்னப்பிள்ளை விளையாட்டாகத் தெரியும். ஆனாலும் வேலை செய்கிறது.

சாப்பாட்டில் வலி அதிகமான வாரங்களில் முறுக்கு, தட்டை, சீடை, கரும்பு, பரோட்டா, எலும்புக் கறி கூடாது. ஆப்பிளையும் கொய்யாவையும் கடித்துத் தின்னாமல் நறுக்கித் தின்னுங்கள். சூயிங்கம் அறவே வேண்டாம். இட்லி, இடியாப்பம், பொங்கல், ரசம் சாதம், நன்றாக வெந்த பருப்பு, மீன் என்று நம் சமையலில் மெத்தென்ற சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை. ஆனால் மாதக் கணக்கில் கஞ்சியே குடித்துத் தாடையைச் சும்மா போட்டால் தசை இன்னும் இறுகும். வலி தணிந்ததும் பழைய சாப்பாட்டுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புங்கள்.

கன்னத்திலும் நெற்றிப்பொட்டிலும் வெந்நீர்த் துணி ஒத்தடம், தினம் இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் கால் மணி நேரம். திடீரென்று வீங்கி வலித்தால் முதல் நாள் ஐஸ் ஒத்தடம். ஒத்தடத்துக்குப் பின் நாக்கு நுனியை மேலண்ணத்தில் ஒட்டியபடி, நாக்கு விடுபடாத அளவுக்கு மட்டும் வாயை மெதுவாகத் திறந்து மூடுங்கள். கொட்டாவி வந்தால் முகவாயின் கீழ் கையைக் கொடுத்து அடக்குங்கள். குப்புறப் படுப்பது, கன்னத்துக்குக் கை கொடுத்து உட்காருவது, ஃபோனைத் தோளில் இடுக்கிப் பேசுவது மூன்றையும் விடுங்கள். ஹெல்மெட் பட்டை தாடையை அழுத்தாமல் இருக்கட்டும்.

மெடிக்கல் ஷாப்பில் நாமாக வாங்கி விழுங்கும் வலி மாத்திரை தனி ஆபத்து. டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகளை டாக்டர் சொன்ன நாள்கணக்கைத் தாண்டிச் சாப்பிட்டால் வயிற்றுப்புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் வரலாம். சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். நீண்ட வலிக்குக் குறைந்த அளவில் அமிட்ரிப்டிலின் எழுதிக்கொடுப்பது உண்டு. "இது மனநோய் மாத்திரையாச்சே" என்று பயந்து தூக்கி எறிய வேண்டாம். நரம்பு வலிக்கும் அதே மருந்துதான்.

படி 4: ஸ்பிளின்ட், ஊசி, அறுவை என்றால்

2023 டிசம்பரில் பி.எம்.ஜே. மருத்துவ இதழ், நாள்பட்ட தாடை வலிக்கான சர்வதேச வழிகாட்டுதல் ஒன்றை வெளியிட்டது. அது உறுதியாகப் பரிந்துரைப்பவை இவை: நிபுணர் மேற்பார்வையில் தாடைப் பயிற்சியும் நீட்டலும், கையால் மூட்டை இளக்கும் சிகிச்சை, இறுகிய தசைமுடிச்சுகளை அழுத்தி விடுவிப்பது, கழுத்து-தோள் நிலைப் பயிற்சி, வலியைக் கையாளக் கற்றுத்தரும் மனநல ஆலோசனை. அறுவை சிகிச்சை இந்தப் பட்டியலில் இல்லை. தசையைத் தளர்த்தும் போட்டாக்ஸ் ஊசி, மூட்டுக்குள் வழவழப்புக்காகப் போடும் ஹையலூரானிக் அமில ஊசி, ஊசி வழியே திரவம் விட்டு மூட்டைக் கழுவுவது, கழற்றி மாட்டும் ஸ்பிளின்ட் (பல்லின் மேல் மாட்டும் உறை) ஆகியவற்றை நிபந்தனையுடன் "வேண்டாம்" பக்கம் வைத்திருக்கிறது. கடியை, அதாவது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் பொருந்தும் விதத்தை, நிரந்தரமாக மாற்றும் ஸ்பிளின்டையும் மூட்டின் குருத்தெலும்புத் தட்டை வெட்டி எடுப்பதையும் கடுமையாகவே எதிர்க்கிறது.

நம்மூரில் தாடை வலி என்று போனால் முதலில் கையில் கிடைப்பது ஸ்பிளின்ட்தான். இரவில் பல்லை நறநறவென்று கடிப்பவருக்குப் பல் தேயாமல் காக்க அது உதவும். வலிக்கு அதை மட்டுமே நம்பி இருக்க வேண்டாம் என்பது என் கருத்து. "பல்லைத் தேய்த்துக் கடியைச் சரி செய்கிறேன்", "கம்பி போட்டால் வலி போகும்" என்று யாராவது சொன்னால் இன்னொரு டாக்டரைக் கேட்காமல் சம்மதிக்காதீர்கள். தேய்த்த பல் திரும்ப வளராது.

அறுவை தேவைப்படுபவர்களும் இருக்கிறார்கள். மூட்டு எலும்போடு எலும்பு ஒட்டி வாயே திறக்காமல் போனவர்கள், விபத்தில் மூட்டு உடைந்தவர்கள், வாதத்தால் மூட்டு அரித்துப்போனவர்கள், கட்டி உள்ளவர்கள். இவர்களுக்குத்தான் காப்பீடு உயிர்நாடி.

படி 5: உங்களிடம் இருப்பது எந்தக் காப்பீடு?

இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) அட்டை இருந்தால் தாடை வலிக்காரர்களில் நீங்கள் கொடுத்துவைத்தவர். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ள தொழிலாளிக்கு இதில் வெளிநோயாளி சிகிச்சை, மருந்து, பரிசோதனை, உயர் மருத்துவமனைப் பரிந்துரை எல்லாம் அடக்கம். பெரிய தனியார் பாலிசி வைத்திருக்கும் மேனேஜருக்குக் கிடைக்காத ஃபிசியோதெரபி அவருக்குக் கீழே வேலை பார்ப்பவருக்குக் கிடைக்கும். உங்கள் இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் பரிந்துரைக் கடிதம் வாங்கி மேல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். நேராகத் தனியாரிடம் போய்விட்டு அப்புறம் பணம் கேட்டால் சிக்கல்.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. 2018 முதல் இது மத்திய அரசின் ஆயுஷ்மான் திட்டத்தோடு இணைந்து நடக்கிறது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. ரேஷன் கார்டு, ஆதார், வி.ஏ.ஓ. வருமானச் சான்று கொண்டு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள மையத்தில் அட்டை எடுக்கலாம். இதில் குறிப்பிட்ட சிகிச்சைகளுக்கு மட்டும்தான் பணம். ஆயுஷ்மான் பட்டியலில் முக-தாடை அறுவைக்குத் தனிப்பிரிவு உண்டு. தாடை எலும்பு முறிவும் மூட்டு ஒட்டிக்கொண்ட நிலைக்கான அறுவையும் அதில் இருக்கின்றன. உங்களுக்குச் சொன்ன அறுவை வருமா, எந்த மருத்துவமனையில் வரும் என்று மருத்துவமனையிலேயே இருக்கும் காப்பீட்டுத் திட்ட அலுவலரைக் கேளுங்கள்.

கம்பெனி குரூப் பாலிசி என்றால் எச்.ஆரிடம் முழுப் பாலிசி வாசகத்தைக் கேட்டு வாங்குங்கள். வண்ணப் படம் போட்ட இரண்டு பக்கச் சுருக்கம் போதாது. பல குரூப் பாலிசிகளில் ஏற்கனவே இருக்கும் நோய்க்குக் காத்திருப்புக் காலம் (பாலிசி எடுத்தும் அந்த நோய்க்குப் பணம் கிடைக்காத ஆரம்ப மாதங்கள்) கிடையாது. சிலவற்றில் வெளிநோயாளி, பல் சிகிச்சைக்கென்று ஒரு சிறு தொகையும் உண்டு. வேலையை விடும் எண்ணம் இருந்தால் பெரிய அறுவையை அதற்கு முன்பே முடித்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

படி 6: தனிநபர் பாலிசியில் பார்க்க வேண்டிய இடங்கள்

முதலில் பல் சிகிச்சை விலக்கு. சில பாலிசிகள் "விபத்துக் காயம் தவிர" என்று எழுதும். சில "மருத்துவமனையில் அனுமதி தேவைப்பட்டால் தவிர" என்று எழுதும். இரண்டாவது வாசகம் உங்களுக்குச் சாதகம். 2020-ல் எல்லா நிறுவனங்களும் விற்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. கொண்டுவந்த ஆரோக்ய சஞ்சீவனி பாலிசியில், நோயாலோ காயத்தாலோ தேவைப்படும் பல் சிகிச்சை, அட்மிட் ஆனால் செலவுக் கணக்கில் சேரும் என்றே எழுதியிருக்கிறது.

அடுத்தது "மருத்துவமனை" என்பதன் விளக்கம். பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். மருத்துவமனையாகப் பதிவு பெற்றிருக்க வேண்டும். இல்லாவிட்டால் மக்கள்தொகை 10 லட்சத்துக்குக் கீழான ஊரில் குறைந்தது 10 படுக்கை, மற்ற ஊர்களில் 15 படுக்கை, நாள் முழுக்க நர்ஸும் டாக்டரும், ஆப்பரேஷன் தியேட்டர் எல்லாம் இருக்க வேண்டும். மூன்று நாற்காலி போட்ட பல் கிளினிக்கில் மூட்டைக் கழுவிக்கொண்டால், அது எவ்வளவு நல்ல டாக்டராக இருந்தாலும், பில் திரும்பி வரும். அதே டாக்டர் போய்வரும் பெரிய மருத்துவமனையில் செய்யுங்கள்.

மூன்றாவது, குறைந்தது 24 மணி நேரம் அட்மிட் ஆகியிருக்க வேண்டும் என்ற விதி. ஒரே நாளில் முடியும் டே-கேர் சிகிச்சைகளுக்கு இதில் விலக்கு உண்டு. ஆனால் "வழக்கமாக வெளிநோயாளியாகச் செய்வது" டே-கேரில் சேராது. மூட்டைக் கழுவுவது இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிற சமாசாரம். செய்துவிட்டுக் கேட்காதீர்கள், முன்பே எழுத்தில் கேளுங்கள்.

நான்காவது, பரிசோதனைக்காக மட்டும் அட்மிட் ஆவது. எம்.ஆர்.ஐ. எடுக்க ஒரு நாள் படுத்தால் கண்டிப்பாக மறுப்பார்கள். ஆனால் அட்மிஷனுக்கு முந்தைய 30 நாள் செலவும் டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய 60 நாள் செலவும் பல பாலிசிகளில் கிடைக்கும், அதே நோய்க்காக இருந்தால். அறுவை முடிவான பிறகு எம்.ஆர்.ஐ.யை அந்த 30 நாளுக்குள் வருமாறு எடுங்கள். அறுவைக்குப் பிந்தைய ஃபிசியோதெரபியை டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதச் சொல்லி 60 நாளுக்குள் முடியுங்கள்.

கடைசியாகக் காத்திருப்புக் காலம். 2024 ஏப்ரலில் வந்த ஐ.ஆர்.டி.ஏ.ஐ. விதிகளின்படி, ஏற்கனவே இருக்கும் நோய்க்கு அதிகபட்சம் 36 மாதம். தொடர்ந்து 60 மாதம் பாலிசி வைத்திருந்தால், மோசடி என்று நிரூபித்தால் தவிர, "நீங்கள் சொல்லாமல் மறைத்தீர்கள்" என்று மறுக்க முடியாது. புதுப் பாலிசி எடுப்பவர் விண்ணப்பத்தில் தாடை வலியை எழுதிவிடுங்கள். ஏஜென்ட் "இதெல்லாம் எதற்கு சார், விடுங்கள்" என்பார். க்ளெய்ம் வரும் நாளில் பதில் சொல்லப்போவது அவர் இல்லை.

படி 7: அட்மிஷனுக்கு முன் காகித வேலை

டாக்டரிடம் ஒரு பக்கக் கடிதம் கேளுங்கள். நோயின் பெயர், வாய் எத்தனை மில்லிமீட்டர் திறக்கிறது, எம்.ஆர்.ஐ.யில் தெரிந்தது என்ன, எத்தனை மாதம் எந்தெந்தச் சாதாரண வைத்தியம் பார்த்தும் பலனில்லை, செய்யாவிட்டால் என்ன ஆகும், ஏன் மருத்துவமனையில் செய்ய வேண்டும். சாப்பிட முடியாததும் எடை குறைந்ததும் அதில் இருக்கட்டும். தாடையை நகர்த்தும் அறுவை என்றால் அழகுக்காக இல்லை, செயல்பாட்டுக்காக என்று தெளிவாக இருக்க வேண்டும். எல்லாம் உண்மையாக இருக்கட்டும். இல்லாததை எழுதச் சொன்னால் மோசடி வகையில் போய்விடும்.

நோய்க் குறியீட்டையும் கவனியுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-10 பட்டியலில் தாடை மூட்டுக் கோளாறு கே07.6, அதாவது வாய், தாடை நோய்களின் கூட்டத்தில். அமெரிக்கா தனக்கென்று வைத்திருக்கும் பதிப்பில் அதே நோய் எம்26.6, எலும்பு-தசைக் கூட்டத்தில். ஒரே மூட்டுக்கு இரண்டு முகவரி இருக்கும்போது க்ளெய்ம் மேஜையில் இருப்பவர் "பல்" என்று முடிவு கட்டுவதில் ஆச்சரியமில்லை. குறியீட்டை மாற்றச் சொல்ல வேண்டாம். பக்கத்தில் "தாடை மூட்டு நோய், பல் நோய் அல்ல" என்று டாக்டர் ஒரு வரி எழுதினால் போதும்.

கேஸ் ஷீட்டில் "எத்தனை நாளாக" என்ற வரியை நீங்களே படித்துப் பாருங்கள். இரண்டு வருட வலியை யாரோ அவசரத்தில் "பத்து வருடம்" என்று எழுதிவிட்டால், பாலிசிக்கு முன்பே இருந்த நோய் என்று அதை வைத்தே மறுப்பார்கள். டிஸ்சார்ஜுக்கு முன் திருத்தச் சொல்லுங்கள். பின்னால் திருத்தினால் சந்தேகம் வரும். விபத்தில் வந்த வலி என்றால் அரசு மருத்துவமனை ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பி மிக முக்கியம். பல் விலக்கை உடைக்க இதைவிடப் பலமான காகிதம் இல்லை.

திட்டமிட்ட அறுவைக்கு 48 மணி நேரம் முன்பே கேஷ்லெஸ் (நிறுவனமே மருத்துவமனைக்கு நேராகப் பணம் கட்டுவது) அனுமதி கேட்க வேண்டும் என்று பல பாலிசிகள் சொல்கின்றன. ஒரு வாரம் முன்பே கேட்பது நல்லது. 2024 மே மாத ஐ.ஆர்.டி.ஏ.ஐ. சுற்றறிக்கைப்படி கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்திலும், டிஸ்சார்ஜ் கோரிக்கைக்கு மூன்று மணி நேரத்திலும் பதில் வர வேண்டும். கேஷ்லெஸ் மறுத்தால் க்ளெய்மே போயிற்று என்று அர்த்தமில்லை. பணம் கட்டிவிட்டு அசல் பில்களோடு திரும்பக் கேட்கலாம். கெடு பொதுவாக டிஸ்சார்ஜிலிருந்து 30 நாள். கொடுக்கும் ஒவ்வொரு தாளுக்கும் நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 8: மறுத்துவிட்டால்

ஃபோனில் சண்டை போடாதீர்கள். மறுப்பை எழுத்தில், எந்த விதி எண்ணின்படி என்று குறிப்பிட்டு வாங்குங்கள். 2024 சுற்றறிக்கைப்படி நிறுவனத்தின் க்ளெய்ம் மறுஆய்வுக் குழு ஒப்புக்கொள்ளாமல் எந்தக் க்ளெய்மையும் மறுக்கக் கூடாது. அந்தக் குழு பார்த்ததா என்று கேளுங்கள்.

அப்புறம் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மின்னஞ்சல். அவர்கள் சொன்ன விதியை அப்படியே எடுத்துப் போட்டு, அது ஏன் பொருந்தாது என்று நாலே வரியில் எழுதி, டாக்டர் கடிதத்தை இணையுங்கள். ஆத்திரத்தை எழுத வேண்டாம். படிப்பவருக்கு அது தேவையில்லை. கூடவே ஐ.ஆர்.டி.ஏ.ஐ.-யின் பீமா பரோசா என்ற புகார் இணையதளத்திலும் பதிவு செய்யுங்கள். 155255 என்ற எண்ணிலும் பதியலாம்.

ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர், அதாவது ஆம்பட்ஸ்மன். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை தேனாம்பேட்டையில். கட்டணம் இல்லை, வக்கீல் வைக்க முடியாது, 50 லட்சம் ரூபாய் வரை உத்தரவிடலாம். மறுப்பு வந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும், உங்களைக் கட்டுப்படுத்தாது.

அதிலும் சரிவரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இங்கே கெடு இரண்டு ஆண்டு. ஆம்பட்ஸ்மனுக்கு முன் இருக்கும் வழக்கை அதே நேரத்தில் இங்கேயும் போட முடியாது. முதலில் ஆம்பட்ஸ்மன் என்பதுதான் என் யோசனை. நோட்டுப் புத்தகம், டாக்டர் கடிதம், மறுப்புக் கடிதம் மூன்றும் கையில் இருந்தால் உங்கள் தரப்பை நீங்களே தமிழில் எடுத்துச் சொல்லலாம்.

வழக்கு ஓடும்போது பிரீமியம் கட்ட மறந்துவிடாதீர்கள். பாலிசி காலாவதியானால் காத்திருந்த மாதங்கள் எல்லாம் பூஜ்யத்துக்குப் போய்விடும். நிறுவனம் பிடிக்கவில்லை என்றால் புதுப்பிக்கும் தேதிக்கு 45 நாள் முன்பாகவே போர்ட்டபிலிட்டி, அதாவது பாலிசியை வேறு நிறுவனத்துக்கு மாற்றுவது, கேளுங்கள். கழிந்த காத்திருப்புக் காலம் உங்களோடு புது நிறுவனத்துக்கும் வரும்.